நூற்றுக்கு இரண்டு

பவளக்கொடிக்குத் தோற்க வேண்டும். அதுவும் யோக்கியமாகத் தோற்க வேண்டும். இதைவிடச் சிரமமான வியாபாரம் உலகத்தில் இல்லை என்பது கப்பலில் ஏறிய ஆறாம் நாள் அவளுக்குத் தெளிவாகிவிட்டது.

காரைக்காலுக்குக் கிழக்கே, எந்த நாட்டுச் சட்டமும் எட்டாத தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது அந்தக் கப்பல். நூற்றெண்பது பேரோடு தொடங்கிய போக்கர் போட்டியில் மிச்சம் இரண்டே பேர். ஒருத்தி அவள். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் கமிஷன் கடை வைத்திருந்தவர் மகள், வயது நாற்பத்தொன்று. இன்னொருவன் எட்வின், தூத்துக்குடி மீன் ஏலக்காரர் வீட்டுப் பிள்ளை, முப்பதைத் தொடாதவன். இரண்டு பேருடைய இடது மணிக்கட்டிலும் தோலுக்கடியில் அரிசி மணி அளவுக்கு ஒரு பொருள் இருந்தது. அதற்குப் போட்டியை நடத்தும் கம்பெனி வைத்த பெயர் அளவன்.

அளவன் பேசாது, ஒளிராது. குழம்பில் உப்புக் குறைவு என்று நாக்குக்குத் தெரிகிற மாதிரி, எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அவ்வளவுதான். மேசையில் எவ்வளவு வைப்பது என்பதற்காகச் செய்த பொருள். ஆனால் கைக்குள் இருப்பது மேசையோடு நின்றுவிடுமா? அம்மா செத்த அன்று, கூடியிருந்த சபைக்கு எவ்வளவு அழுதால் போதும் என்று பவளக்கொடிக்குத் தெரிந்தது. அவ்வளவே அழுதாள். அதற்கு மேல் ஒரு சொட்டு வரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்குப் பேசப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. தொலைபேசியில் சிவக்கொழுந்து. ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க் கடை வைத்திருப்பவன், அவள் கணவன்.

"தோத்துட்டியா?" என்றான் எடுத்ததும்.

"இன்னும் இல்லீங்க."

"கடைசி ரெண்டு பேருல நிக்கிறன்னு டிவியில காட்டறான். எதுத்த கடைக்காரன் எனக்குக் கை குடுத்து வாழ்த்துச் சொல்றான். எனக்கு எங்க போய் முட்டிக்கிறதுன்னு தெரியல."

"என்னைய என்னங்க பண்ணச் சொல்றீங்க?"

"இருக்கறதை மொத்தமா தூக்கி நடுவுல கொட்டிட்டு வந்துர வேண்டியதுதானே? எல்லையே இல்லாத ஆட்டம்னுதானே சொன்ன? எவ்வளவு வேணும்னாலும் வைக்கலாம்னு."

"வைக்கலாம். ஆனா அளவன் சொல்ற அளவுக்கு நூத்துக்கு மூணு மேல பிசகுச்சுன்னா வேணும்னு தோத்த கணக்குல எழுதிருவாங்க. அதுக்கு மூணு வருஷம் நீட்டிப்பு. ஜெயிச்சாலும் மூணு வருஷம். ஏற்கெனவே ரெண்டு தடவை ஜெயிச்சு ஆறு வருஷம் போச்சு. சரியான அளவு வச்சு, அப்பறமும் தோத்தாத்தான் இதைக் கையில இருந்து எடுப்பாங்க."

"சரியா வச்சா எப்படித் தோக்கறது?"

"அதான் எனக்கும் புரியல."

அந்தப் பக்கம் லாரிச் சத்தம் பின்வாங்கியது; கடைக்குள் நகர்ந்திருக்க வேண்டும். பிறகு சிவக்கொழுந்து குரலை இறக்கிச் சொன்னான்: "பவளம், நான் கோவத்துல சொல்லல. பொங்கலுக்கு நமக்குள்ள சண்டை வந்துச்சுல்ல. நீ வந்து சமாதானம் பண்ணின. எனக்கு எவ்வளவு பண்ணினா ஆறுமோ, கரெக்டா அவ்வளவு. நான் ஆறின அந்த நிமிஷம் நீ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்ட. ஆறு வருஷத்துல ஒரு தடவையாச்சும் எனக்குக் கூடுதலா ஏதாவது வந்திருக்கா? தப்பாவாவது?"

அவளிடம் பதில் இருந்தது. எவ்வளவு சொன்னால் இந்தப் பேச்சு முடியும் என்றும் தெரிந்தது. அதனாலேயே வாயை மூடிக்கொண்டாள்.

"இந்தத் தடவையும் அதோட வந்தீன்னா நான் பழனிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். மிரட்டல. சொல்லி வைக்கிறேன்."

பத்து நிமிடம் முடிந்தது.

வெளி மருத்துவர் யாரிடமாவது போய் எடுத்துவிடலாமே என்று அவள் யோசிக்காமல் இல்லை. திருச்சியில் ஒருத்தர் முயன்று பார்த்தார். அளவன் வெளியே வந்தது. ஐந்து விரலும் அதோடு கூடச் செத்துப்போயின. பூட்டும் கம்பெனியுடையது, சாவியும் கம்பெனியுடையது.

இடைவேளையில் மிச்சம் அரை மணி இருந்தது. எட்வின் தேநீர்க் கோப்பையோடு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். மேலே கூரையில் மூன்று கேமரா. மேசை விளக்குக்குள் ஒலிவாங்கி இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"யக்கா, நீங்க என்னைய ஜெயிச்சிருவியளா?"

"ஏன் தம்பி, பயமா இருக்கா?"

"பயந்தான். இதைக் கையில இருந்து எடுத்துட்டா நான் பழைய எட்வினாயிருவேன்லா. ஒரு சட்டை எடுக்க ரெண்டு நாளு யோசிப்பேன். பொண்ணு பாக்கப் போன வீட்டுல காப்பியா டீயான்னு கேட்டாவ. நான் முழிச்ச முழியில சம்பந்தமே கலைஞ்சி போச்சி. இப்ப பாருங்க, ஒரு தடுமாத்தம் கிடையாது."

"மூணு வருஷம் தம்பி. கல்யாண வீட்டுல சிரிக்கிறதுகூட அளந்துதான் வரும்."

"நீங்க ஆறு வருசம் நல்லா வாழ்ந்துட்டு எனக்கு வேண்டாம்னு சொல்லுதிய," என்று சிரித்தான். சிரிப்பு சரியான இடத்தில் நின்றது.

எச்சரித்தாகிவிட்டது என்று பவளக்கொடி மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். இது மண்டிப் பழக்கம். குறையைச் சொல்லித்தான் விற்றேன் என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியம் மனசாட்சிக்குப் போதுமா என்று யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை.

எட்வின் தேநீரை ஆற்றிக்கொண்டே வேறு பேச்சுக்குப் போனான். "இங்க ராத்திரிச் சாப்பாட்டுல போட்ட மீனு ஒரு வாரத்து மீனு, பாத்தியளா? தட்டு நிறைய அள்ளி வச்சான். எங்க ஏலத்துலயும் இதே கதைதான். மீனு பழசுன்னாத்தான் கூட ரெண்டு தூக்கிப் போடுவாவ. நல்ல சீலா மீனுன்னா ஒரு செதிலு கூட வராது."

பவளக்கொடி கோப்பையைக் கீழே வைத்தாள்.

இது மண்டிக்கும் பொருந்தும். கத்தரிக்காய் பிஞ்சாக, பளபளப்பாக இருக்கிற அன்று கொசுறு கேட்டால் வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்வான். சொத்தை விழுந்த அன்று, கேட்காமலே ஒரு கை கூட வந்து விழும். வாங்க வந்தவர்களுக்கு அது தாராளம். மண்டியில் பிறந்தவர்களுக்கு அது தகவல்.

அவள் அளவனைப் பற்றி யோசித்தாள். சரியான அளவு என்றால் என்ன? கம்பெனியில் பயிற்சி கொடுத்த முதல் நாள், வைத்தீஸ்வரன் என்ற அதிகாரி அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார். "மேடம், குறைச்சு வச்சா எதிராளி சும்மா பார்த்துட்டுப் போயிடுவார். அதிகமா வச்சா ஓடிடுவார்; உங்களைவிட நல்ல சீட்டு இருக்கறவர் மட்டும் நிப்பார். சரியான அளவுன்னா, நின்னாலும் ஒண்ணு, போனாலும் ஒண்ணுன்னு எதிராளி தவிக்கணும். அவருக்கு எந்தப் பக்கமும் லாபம் இருக்கக் கூடாது."

நின்றாலும் ஒன்று, போனாலும் ஒன்று. அப்படியானால் அந்த இடத்தில் எட்வினுடைய அளவன் என்ன சொல்லும்? இரண்டும் சரி என்று சொல்லும். அந்த ஒரு நொடி மட்டும் அவன் கை அவனுடையது. அந்த நொடியில் அவள் கையில் இருப்பது நல்ல சரக்கா சொத்தையா என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால், யாரும் எதிலும் பிசகாமலே அவள் தோற்றுப்போவாள்.

நூற்றுக்கு மூன்று வரை கை நடுக்கம் என்று கம்பெனியே விட்டிருந்தது. விளிம்பு வரை போவது வியாபாரிக்கு அழகல்ல. நூற்றுக்கு இரண்டு போதும்.

மணி இரண்டுக்கு ஆட்டம் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கட்டாயமாக வைக்க வேண்டிய தொகை மணிக்கொரு தரம் ஏறியது. அது மண்டியில் வெயில் ஏறுவது மாதிரி. காலை ஐந்து மணிக்கு நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். பத்து மணிக்குத் தக்காளி காத்திருக்காது. ஏதாவது ஒரு விலைக்குத் தள்ளித்தான் ஆக வேண்டும்.

இல்லாத சீட்டை இருப்பதாகக் காட்டும் முதல் புளுகு மூன்றாவது ஆட்டத்தில் வந்தது. அவள் கையில் ஒன்றுமில்லை. அளவன் இருபத்தையாயிரம் என்றது. அவள் இருபத்தையாயிரத்தை அடுக்கி, மேலே ஐந்நூறு ரூபாய்க்கான பந்தய வில்லை ஒன்றை வைத்துத் தள்ளினாள். எட்வின் வில்லைகளைப் பார்த்தான். யோசிக்காமல் விலகினான். வேண்டாத பணம் அவள் பக்கம் வந்து குவிந்தது.

பிறகு ஒரு நல்ல ஜோடி. அளவன் ஐம்பதாயிரம் என்றது. ஐம்பதாயிரம் மட்டும் வைத்தாள். ஒரு வில்லை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எட்வின் நின்று பார்த்துத் தோற்றான். கடைசி வரை இப்படியே ஜெயித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

அடுத்த புளுகில் ஐம்பதாயிரத்துக்கு மேலே ஆயிரம் போனது. இந்த முறை எட்வின் உடனே விலகவில்லை. அடுக்கை ஏலக்காரன் மீனைப் பார்ப்பது போலப் பார்த்தான். செவுளைத் தூக்கிப் பார்க்காததுதான் குறை. பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னக்கா, கை தாராளமா இருக்கு இன்னைக்கு?"

"எங்க மண்டிப் பழக்கம் தம்பி."

"பாக்கேன்," என்று தன் ஐம்பத்தோராயிரத்தைத் தள்ளினான். சீட்டைத் திருப்பினார்கள். அவளிடம் ஒன்றுமில்லை.

அதற்கப்புறம் அவள் புளுகின போதெல்லாம் பிடித்தான். சரக்கு நல்லதாக இருந்தபோதெல்லாம் விலகினான். திரையில் விமர்சகர் ஒருவர், இந்த இளைஞரின் உள்ளுணர்வு அபாரம் என்று வியந்துகொண்டிருந்தார். எட்வினும் அதை நம்பத் தொடங்கிவிட்டது அவன் தோள் நிமிர்ந்திருந்த விதத்தில் தெரிந்தது. அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவமும் இவ்வளவு போதும் என்கிற இடத்தில் நின்றுவிட்டது. ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்த நிறுத்தம் அவளுக்கு வலித்தது.

நான்கரை மணிக்கு அவளிடம் மிச்சம் நாற்பதாயிரம். நடுவில் குவிந்திருந்ததும் நாற்பதாயிரம். இன்னொரு ஆட்டின் சீட்டு விழுந்தால் அவள் கை முழுமையாகும். கடைசிச் சீட்டு வேறு இனமாக, கிளாவராக வந்து விழுந்தது. கையில் குப்பை. அளவன் தயங்காமல் சொன்னது: முழுவதும்.

அவள் முழுவதையும் தள்ளினாள். தள்ளின பிறகுதான் விஷயம் உறைத்தது. முழுவதையும் கொடுத்துவிட்ட பிறகு கொசுறுக்கு எங்கே போவது?

எட்வின் அடுக்கை எண்ணினான். நாற்பதாயிரம், ஒரு வில்லை கூடுதல் இல்லை. அவன் முகம் மாறியது. கூடுதல் இல்லை என்றால் சரக்கு நல்லது. இன்று மத்தியானம் முழுக்க அவர்கள் பேசாமல் பேசிக்கொண்ட வியாபாரத்தில் அதுதான் ஒப்பந்தம். அவன் விரல்கள் சீட்டுகளின் ஓரத்தைத் தொட்டன. விலகப் போகிறான். விலகினால் அவளிடம் எண்பதாயிரம். மறுபடி ஏறுவாள். அடுத்த ஆட்டத்தில் நல்ல சீட்டு வரும், அதற்கடுத்ததில் இன்னும் நல்லது வரும். சீட்டுக்கு என்ன தெரியும், பழனியில் ஓர் அண்ணன் வீடு இருக்கிறதென்று?

அவள் புடவைத் தலைப்பு முனையில் எதுவோ உறுத்தியது. மத்தியானம் சாப்பாட்டோடு கொடுத்த சீரக மிட்டாய்ப் பொட்டலம். பழக்கதோஷத்தில் முடிந்து வைத்திருந்தாள். அவிழ்த்து, ஒரு மிட்டாயை எடுத்து, வில்லை அடுக்கின் மேல் வைத்தாள். வெள்ளையில் இளஞ்சிவப்பு பூசிய சின்ன மிட்டாய்.

சீட்டுப் போடுகிறவர் முகத்தைச் சுளித்தார். "மேடம், மேசை மேல வேற பொருள் வைக்கக் கூடாது."

"மன்னிச்சுக்கங்க, கை தவறிருச்சு," என்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கடித்த சத்தம் அந்த அறைக்குள் பெரிதாகக் கேட்டது. எட்வின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கடைவாயில் ஒரு சிரிப்பு புறப்பட்டு, பாதியில் அடங்கியது. விரல்கள் சீட்டுகளை விட்டன.

"பாக்கேன் யக்கா."

கைத்தட்டல் எழுந்தது. காகிதப் பூ கொட்டியது. எட்வின் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். சாம்பியன் எவ்வளவு சிரிக்க வேண்டுமோ அவ்வளவு சிரித்தான். பவளக்கொடி கூட்டத்தின் ஓரத்தில் நின்று, தன் அழுகிப்போன மூட்டையை முழு விலைக்கு விற்றவள் மாதிரி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அளவனை எடுக்கப் பதினைந்து நிமிடம் கூட ஆகவில்லை. கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவள் முன்னால் வைத்தீஸ்வரன் ஒரு தட்டு நிறைய முந்திரி கொண்டுவந்து வைத்தார்.

"ஐந்நூறு, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. ரெண்டாவது புளுகுலயே எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு மேடம்," என்றார் இதமாக.

அவள் கட்டுப் போட்ட கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "நூத்துக்கு மூணு வரைக்கும்..."

"அதுக்குள்ளதான் இருந்தீங்க. ஒரு மீறலும் இல்லை. மிட்டாய் வில்லை ஆகாது. நீங்க யோக்கியமாத் தோத்தீங்கன்னு நானே கையெழுத்துப் போட்டுட்டேன்." ஒரு தாளை நகர்த்தினார். "இது வழக்கமான பாரம். இந்த ஆட்டத்துல உங்க கை செஞ்சதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்னு. அவ்வளவுதான்."

கேட்ட விலைக்கு எதிராளி மறுபேச்சில்லாமல் தலையாட்டினால் வியாபாரிக்கு வயிற்றைக் கலக்கும். தன்னிடம் இருந்த ஏதோ ஒன்றின் மதிப்புத் தனக்கே தெரியாமல் போய்விட்டது என்று அர்த்தம். பவளக்கொடிக்கும் கலக்கியது. ஆனால் ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தக் கலக்கத்தைச் சொல்ல மணிக்கட்டில் ஒன்றுமில்லை, வயிறு மட்டும்தான். வயிற்றை நம்பி அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் அவள் ஆடாத ஆட்டமில்லை. ரசத்தில் உப்பை அள்ளிக் கொட்டினாள். அம்மாவின் படத்தைப் பார்த்து ஒரு மத்தியானம் முழுக்க அழுதாள், நிறுத்தத் தெரியவில்லை. சின்ன விஷயத்துக்குச் சிவக்கொழுந்துவோடு சண்டை போட்டு, மூன்று நாள் விடாமல் மன்னிப்புக் கேட்டாள். நான்காம் நாள் அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"போதும் தாயி. ரெண்டாம் நாளே எனக்கு ஆறிருச்சு."

"எனக்கு ஆறலீங்க," என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்காமல் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பத்து மாதம் அப்படிப் போனது. தொலைக்காட்சியில் எட்வின் அடிக்கடி வந்தான். அளவனின் புதிய பதிப்புக்கு அவன்தான் விளம்பரம். வீட்டுக்கும் கடைக்கும் ஏற்றது, ஊசி போட்டுக்கொள்ளும் நேரம்தான், மனிதத் தன்மை கூடியது என்றான். அவள் சேனலை மாற்றிவிடுவாள். சிவக்கொழுந்து மாற்ற மாட்டான். எதிர்த்த கடைக்காரன் போட்டுக்கொண்டான், கூட்டம் அங்கேதான் போகிறது என்று ஒருமுறை சொன்னான். அதற்கப்புறம் சொல்லவில்லை.

சித்திரை மாதத்து ஒரு காலை, சந்தைக்குப் போனாள். அரைக் கிலோ கத்தரிக்காய் கேட்டாள். கடைக்காரம்மா நிறுத்து, "எடுத்துக்க கண்ணு" என்று சிரித்தபடி ஒரு பிஞ்சை மேலே போட்டாள். மனசு நிறைந்துபோனது. தற்செயலாகத் தராசைப் பார்த்தாள். ஐந்நூற்றுப் பத்து கிராம்.

அடுத்த கடையில் வெங்காயம் ஒரு கிலோ. அவன் ஒரு வெங்காயத்தை எடுத்து வைத்து, மாற்றி, அதைவிடச் சின்னதாக ஒன்றைத் தேடி வைத்தான். ஆயிரத்து இருபது.

பச்சை மிளகாய் கால் கிலோ. இருநூற்று ஐம்பத்தைந்து. மூன்றிலும் நூற்றுக்கு இரண்டு.

அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்தக் கை தெரியும். விளிம்பு வரை போகாமல், வாங்குகிறவன் மனசு குளிர, விற்கிறவனுக்கு வலிக்காமல் நிறுத்துகிற கை. அவளுடைய கை. கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த கை. சந்தையில் ஒவ்வொருவரும் அவளுக்கு அவளையே நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெயிலில் வேகமாக நடந்து தார்ப்பாய்க் கடைக்கு வந்தாள். அங்கே ஒரு கதவு இருக்கிறது, அதற்குள் நுழைந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். சிவக்கொழுந்து தரையில் மண்டியிட்டு லாரிக்காரர் ஒருவருக்குப் பாய் அளந்துகொண்டிருந்தான். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை. மணிக்கட்டுப் பொத்தான் போட்டிருந்தது.

"அம்பது அடிதானங்க?" என்று கேட்டுக்கொண்டே டேப்பை இழுத்தான். ஐம்பதைத் தாண்டி, ஐம்பத்தொன்றில் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினான். "ஒரு அடி சேத்தே வெட்டியிருக்கேன். வச்சுக்கங்க, நம்ம கடைதான்."

லாரிக்காரர் மனம் குளிர்ந்து போனார்.

சிவக்கொழுந்து நிமிர்ந்து, வாசலில் நிற்கிற மனைவியைப் பார்த்தான்.

"என்ன பவளம், அப்படிப் பாக்கற?"

அவள் பார்வை அவன் மணிக்கட்டுப் பொத்தானுக்குப் போனது. அவன் சிரித்தான். எப்போதும் சிரிப்பதைவிடக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், கூடுதலாக.